ஆட்டுப்பால் மறுநாளே கவிச்சி அடிக்கிறது, அளவும் இறங்குகிறது – எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

புதுக்கொட்டில் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து கறவை ஆடுகள், எல்லாம் சானன் என்ற வெளிநாட்டுக் கறவை இனத்தின் கலப்பு, ஒவ்வொன்றும் சுமார் 50 கிலோ. ஈன்று மூன்று மாதம் ஆகிறது. குட்டிகளைப் பிரித்தாகிவிட்டது. ஆறாவது வாரத்தில் தலைக்கு 2.6 லிட்டர் தந்தவை இப்போது 1.8 லிட்டருக்கு வந்துவிட்டன.

இப்போது நடப்பது இது: காலை 6 மணி, மாலை 4 மணி என இருவேளைக் கைக்கறவை. மடியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அகன்ற பிளாஸ்டிக் வாளியில் கறந்து, துணியில் வடிகட்டி, 10 லிட்டர் கேனில் ஊற்றி அப்படியே குளிர்பெட்டியில் வைக்கிறோம். மாலைப் பாலையும் அதே கேனில் சேர்ப்போம். தீவனம்: பசும்புல் கண்மதிப்பாக, அடர்தீவனம் (தானியமும் பிண்ணாக்கும் கலந்தது) ஆட்டுக்கு நாளொன்றுக்கு 300 கிராம். கிடா அடுத்த தடுப்பில் இருக்கிறது.

சிக்கல்கள்:

கறந்த சூட்டில் குடித்தால் வாடையே இல்லை. மறுநாள் காலைக்குள் கவிச்சி ஏறிவிடுகிறது, தொண்டையில் காரல். இரண்டாம் நாள் பாலைக் காய்ச்சினால் சில தடவை திரிதிரியாகப் பிரிகிறது. கலிபோர்னியா மடிநோய் சோதனை (பாலில் ஒரு மருந்தைக் கலந்து கெட்டியாகிறதா என்று பார்ப்பது) செய்து பார்த்தால் ஐந்து ஆட்டிலும் கொஞ்சம் கொழகொழப்பு தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மடிநோயா?

கிடாவை அகற்றினால் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். எதை முதலில் மாற்றுவது என்று வரிசைப்படுத்திச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பாற்கலம்:

சூட்டில் வாடை இல்லை, மறுநாள் இருக்கிறது. இந்த ஒரு விவரமே பாதிக் காரணங்களைத் தள்ளிவிடுகிறது. கிடா வாடையோ தீவன வாடையோ என்றால் கறந்த உடனேயே தெரிந்திருக்கும். உங்கள் பாலில் வாடை மடியில் உண்டாகவில்லை, கேனுக்குள் உண்டாகிறது.

பாலில் கொழுப்பு சின்னச் சின்னத் துளிகளாக இருக்கிறது, ஒவ்வொரு துளிக்கும் மெல்லிய சவ்வு உண்டு. பாலிலேயே லைப்பேஸ் என்ற நொதியும் இருக்கிறது. சவ்வு கிழிந்தால் நொதி உள்ளே புகுந்து கொழுப்பை உடைத்துக் கொழுப்பமிலங்களை விடுவிக்கும். ஆட்டுக் கொழுப்பில் காப்ரோயிக், காப்ரிலிக், காப்ரிக் என்ற குட்டை அமிலங்கள் மாட்டுப் பாலைவிட அதிகம். கட்டுண்டு இருக்கும்வரை இவற்றுக்கு வாடை கிடையாது, விடுபட்டதும்தான் கவிச்சி. 4-எத்தில் ஆக்டனோயிக் அமிலம் என்று இன்னொன்று உண்டு, கிடா வாடையின் அசல் சாயல் அதனுடையது, மிக மிகக் குறைந்த அளவே மூக்குக்குப் போதும். போதாக்குறைக்கு, ஆட்டுப்பாலில் இந்த லைப்பேஸில் பெரும்பங்கு கொழுப்புத் துளியை ஒட்டியே இருக்கிறது. அதனால்தான் மாட்டுப்பால் தாங்கும் முரட்டுக் கையாளலை ஆட்டுப்பால் தாங்குவதில்லை.

உங்கள் நடைமுறையில் சவ்வைக் கெடுப்பவை, என் கணிப்பில் இந்த வரிசையில்:

முதலாவது, குளிர்ந்த பாலில் சூட்டுப் பாலை ஊற்றுவது. 5 டிகிரிக்கு இறங்கிய காலைப் பால், 37 டிகிரி மாலைப் பால் விழுந்ததும் 20 டிகிரிக்கு அருகே ஏறி, மறுபடி மெல்லக் குளிர்கிறது. குளிர்ந்து, சூடேறி, திரும்பக் குளிரும் இந்தச் சுற்றுத்தான் லைப்பேஸை முடுக்கிவிடும் மிக வலுவான வழிகளில் ஒன்று. இன்றே நிறுத்துங்கள். ஒவ்வொரு கறவைக்கும் தனிக் கலம். சேர்க்கத்தான் வேண்டும் என்றால் இரண்டும் 4 டிகிரிக்கு வந்த பிறகு சேர்க்கலாம்.

இரண்டாவது, குளிர்விக்கும் வேகம். குளிர்பெட்டி குளிர்ந்த பொருளைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும், சூட்டை வேகமாக இழுக்கும் சக்தி அதற்குக் கிடையாது. 10 லிட்டர் பிளாஸ்டிக் கேனின் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். அதற்குள் கிருமியும் பெருகும், நொதியும் வேலை செய்யும். 2 லிட்டர் எவர்சில்வர் தூக்குகளில் ஊற்றி, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் பால் மட்டம் வரை முங்க வையுங்கள். வெறும் ஐஸ்கட்டிகளுக்கு நடுவில் வைத்தால் போதாது, கட்டிகளுக்கு இடையே தண்ணீர் இருந்தால்தான் கலத்தைச் சுற்றிலும் தொடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுத்தமான கரண்டியால் மெதுவாகக் கீழிருந்து மேலாக ஒரு சுற்று. அரை மணியில் 10 டிகிரிக்குக் கீழ், இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரி என்பது இலக்கு. அதன் பிறகு குளிர்பெட்டிக்குள் போகட்டும்.

மூன்றாவது, நுரை. அகன்ற வாளியின் அடியில் நேராகப் பீய்ச்சினால் நுரை பொங்கும். ஒவ்வொரு நுரைக்குமிழியின் ஓரத்திலும் கொழுப்புச் சவ்வு கிழிகிறது. வாளியைச் சாய்த்துப் பிடித்துப் பக்கச் சுவரில் படும்படி கறக்கவும், ஊற்றும்போதும் சுவரோடு ஒழுக விடவும். சூட்டோடு கேனை வண்டியில் குலுக்கிக்கொண்டு போவதும் இதே கேட்டைச் செய்யும்.

வடிகட்டும் துணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈரத்துணி கிருமிப் பண்ணை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பால்வடித் தாள் நல்லது. துணிதான் என்றால் கறவைக்கு ஒன்று, கொதிக்க வைத்து முழுக்கக் காய்ந்தது. பிழிந்து வடிக்கவே கூடாது.

காரணத்தை உறுதி செய்ய ஒரு சோதனை. ஆட்டுக்கு ஒன்றாக ஐந்து 100 மில்லி கண்ணாடிக் குப்பிகள், பெயர் எழுதி, கறந்ததும் ஐஸ் தண்ணீரில். ஏதாவது ஒரு ஆட்டின் பாலில் இன்னும் இரண்டு குப்பி எடுங்கள்: ஒன்றைச் சூட்டோடு இரண்டு நிமிடம் பலமாகக் குலுக்கிக் குளிர்வியுங்கள், மற்றதைக் கறந்த ஒரு மணிக்குள் 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்துக் குளிர்வியுங்கள். மறுநாள் மூடியைத் திறக்காமல் வெந்நீரில் 40 டிகிரி வரை வெதுவெதுப்பாக்கி, பிறகு திறந்து முகருங்கள். குடிக்க வேண்டியதில்லை, முகர்ந்தாலே தெரியும். குலுக்கியது நாறி, சூடாக்கியது நாறாமல் இருந்தால் குற்றவாளி லைப்பேஸ்தான். ஐஸில் வைத்த ஐந்தில் ஒன்றிரண்டு மட்டும் நாறினால் அது அந்த ஆட்டின் இயல்பு.

அந்த இயல்பில் பரம்பரைக்கும் பங்குண்டு. ஆல்ஃபா-எஸ்1 கேசீன் என்ற புரதம் குறைவாகச் சுரக்கும் ஆடுகளின் பாலில் கொழுப்பு தானாகவே அதிகம் உடையும், வாடையும் தூக்கலாக இருக்கும். கறவைக்காலத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் இது குறைவு, நடுவில்தான் அதிகம். உங்கள் ஆடுகள் இப்போது அந்தக் கட்டத்தில் நுழைகின்றன.

---

வெண்மடி:

பாற்கலம் அண்ணன் கேனைப் பார்த்துக்கொண்டார், நான் மடியைப் பார்க்கிறேன்.

சோதனையில் ஐந்தும் லேசாகக் கொழகொழத்ததற்குப் பதற வேண்டாம். அந்த மருந்து உயிரணுக்களின் மரபுப்பொருளோடு சேர்ந்துதான் கெட்டியாகிறது. ஆட்டின் மடி பால் சுரக்கும் விதத்தில் செல்லின் நுனித் துணுக்குகளும் பாலோடு உதிரும். வெள்ளணு எண்ணிக்கையும் நலமான ஆட்டிலேயே மாட்டைவிட மிக அதிகம். அதனால் மாட்டுக்கு அச்சிட்ட அட்டவணையை வைத்து ஆட்டைத் தீர்ப்பிடக் கூடாது. லேசான தடிப்பும் முதல் நிலையும் ஆட்டுக்குப் பெரும்பாலும் இயல்பு. பருவத்துக்கு வந்திருக்கும்போதும் கறவை வற்றும் காலத்திலும் இன்னும் ஏறும்.

பார்க்க வேண்டியது இரண்டு காம்புக்கும் இடையே உள்ள வித்தியாசம். முதல் பீய்ச்சலை விட்டுவிட்டு, தட்டில் இடது காம்புக்கு ஒரு குழி, வலதுக்கு ஒரு குழி, தலா 2 மில்லி பால், அதே அளவு மருந்து, 10 நொடி சுழற்றவும். இரண்டும் ஒரே மாதிரி என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. ஒரு பக்கம் நீர்போல, மறுபக்கம் வெண்டைக்காய்ச் சாறுபோல வழுவழுத்தால் அந்தப் பாதியில் தொற்று இருக்கலாம். அந்தக் காம்பின் பாலைக் கிருமி நீக்கிய குப்பியில் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, எந்தக் கிருமி என்று தெரிந்துகொண்டு மருத்துவர் சொல்லும் மருந்தைப் போடுங்கள். தோராயமாகக் காம்புக்குள் குழாய் மருந்து ஏற்றுவது வேண்டாம். மருந்து போட்டபின் பாலை விலக்கும் நாள்களும் மாட்டைப்போல் இல்லாமல் ஆட்டுக்கு வேறாக இருக்கும், அதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைக்கவும். நாக்கில் உப்புக் கரித்தால், அல்லது மடியின் ஒரு பாதி கல்லாகி, பெரிதாகி, சூடாக இருந்தால் சோதனைக்குக் காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள். ஈன்றவுடன் இரு பாதியும் கெட்டியாக இருந்து பால் மட்டும் வராவிட்டால் அது வேறு விஷயம், ஆட்டு மூட்டழற்சி–மூளையழற்சி வைரஸுக்கு இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

மடியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை விடுங்கள். மயிரிலும் தொடை இடுக்கிலும் இருக்கும் அழுக்குத் தண்ணீர் முழுவதும் காம்பு நுனிக்கு ஓடி வந்து, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக வாளிக்குள் விழும். இரண்டாம் நாள் பால் திரிவதற்கு இதுவும் ஒரு காரணம். மாற்று முறை இது:

மடி மயிரை நறுக்கி வைத்திருங்கள். கை கழுவி, உலர்ந்த துணியால் காம்பின் தூசியைத் துடைத்து, கருநிறத் தட்டில் முதல் மூன்று பீய்ச்சல். கட்டி, நூல், நீர்த்த நிறம் இருந்தால் கருப்பில் பளிச்சென்று தெரியும். அந்த முதல் பால்தான் கிருமி அதிகம் உள்ளது, அதைத் தரையில் விடாமல் கொட்டிலுக்கு வெளியே ஊற்றவும். பிறகு 0.5 சதவீத அயோடின் கரைசலில் காம்பை முக்கி, 30 நொடி விட்டு, ஆட்டுக்கு ஒன்றாகத் தனித்துணியால் துடைக்கவும். நுனியைத் துடைக்கத் தவறாதீர்கள், அயோடின் பாலில் கலக்கக் கூடாது. துடைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் கறவை தொடங்கட்டும், பால் இறங்கும் நேரம் அதுதான்.

கறக்கும்போது இழுக்காதீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் அடியில், மடியோடு சேரும் இடத்தில் வளையமாகப் பூட்டிக்கொள்ளட்டும், பால் மேலே திரும்பக் கூடாது. பிறகு நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என வரிசையாக மூடவும். விடும்போது காம்பு முழுக்க நிரம்பும்வரை ஒரு கணம் பொறுக்கவும். விரலிடுக்கில் காம்பை வைத்து உருவினால் உள்தோல் புண்ணாகும், பிறகு அதில் கிருமி குடியேறும். வரத்து மெலிந்ததும் குட்டி முட்டுவதுபோல் மடியைக் கீழிருந்து இரண்டு மூன்று முறை மெல்லத் தட்டித் தூக்கினால் மீதியும் இறங்கும். கொழுப்பு அதிகம் இந்தக் கடைசிப் பாலில்தான். அதை விட்டுவைத்தால் கொழுப்பும் நட்டம், நாளாவட்டத்தில் சுரப்பும் குறையும்.

முடிந்ததும் மறுபடி காம்பு முக்கல். உடனே தீவனம் வைத்து அரைமணி நிற்க வைக்கவும், காம்புத் துளை இறுகும் முன் சாணிப் புழுதியில் படுக்கக் கூடாது. தலைச்சூல் ஆடுகளை முதலிலும், சந்தேகமுள்ளவற்றைக் கடைசியிலும் கறக்கவும்.

வாளியைப் பற்றி: பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் பால்கல் (பாலின் உப்பும் புரதமும் இறுகிய படிவு) பிடிக்கும், தேய்த்தாலும் போகாது. எவர்சில்வருக்கு மாறுங்கள். செம்பு, இரும்பு, ஈயம் உதிர்ந்த பித்தளைப் பாத்திரம் எதுவும் ஆகாது, உலோகச் சுவை ஏறும். கழுவும்போது முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் புரதம் வெந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு காரச் சோப்பும் சூடான நீரும் போட்டுத் தேய்த்து அலசி, கவிழ்த்து உலர்த்தவும். வாரம் ஒருமுறை பாத்திரத்துக்கான அமிலக் கழுவல், பால்கல் கரைய.

---

தீவனக்கணக்கு:

பால் அளவுக்கு வருகிறேன். ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சம், பிறகு மாதத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவது இயல்பு. அப்படிப் பார்த்தால் இப்போது 2.2 லிட்டர் அளவில் நிற்க வேண்டும். 1.8 என்பது அதையும் தாண்டிய சரிவு. இதில் கறவை இடைவெளியைக் குறை சொல்ல மாட்டேன். 14 மணி, 10 மணி என்ற ஏற்றத்தாழ்வு ஆட்டைப் பெரிதாகப் பாதிக்காது. ஆட்டின் மடியில் சுரந்த பாலில் முக்கால் பங்கு வரை கீழ்த்தொட்டியிலேயே தங்கும், சுரப்பிகளை நெருக்காது. மாட்டுக்கு அந்த வசதி இல்லை. நேரம் தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும்.

குறை 300 கிராமில் இருக்கிறது. 50 கிலோ கறவை ஆடு, உடல் எடையில் 4 சதவீதம், அதாவது நாளுக்கு 2 கிலோ உலர்பொருள் (தீவனத்தில் தண்ணீர் போக மிஞ்சுவது) தின்ன வேண்டும். 2 லிட்டர் பாலுக்கு ஒரு மாதிரிக் கணக்கு:

பசுந்தீவனம் 4.5 கிலோ, அதில் உலர்பொருள் ஏறத்தாழ 0.9 கிலோ. காய்ந்த தீவனம் அரை கிலோ, உலர்பொருள் 0.45. அடர்தீவனம் 700 கிராம், உலர்பொருள் 0.63. கூட்டினால் 2 கிலோ வந்துவிடும்.

"கண்மதிப்பாகப் புல்" என்பதில்தான் பலருடைய பால் போகிறது. ஒரு வாரம் தராசில் நிறுத்துப் போட்டு, மிச்சத்தையும் நிறுத்துப் பாருங்கள். ஆடு பொறுக்கித் தின்னும் பிராணி. வைத்ததில் பத்து சதவீதமாவது மிஞ்சினால்தான் வயிறு நிறையத் தின்றதாக அர்த்தம். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்காவது குதிரைமசால், வேலிமசால், தட்டைப்பயறு போன்ற பயறுவகையாக இருந்தால் புரதமும் கால்சியமும் கூடும்.

அடர்தீவனம் லிட்டருக்கு 350 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம், புரதம் 16 சதவீதம். ஆனால் நாளைக்கே 700 வைத்துவிடாதீர்கள். இரண்டு நாளுக்கு 50 கிராம் வீதம், இரண்டு வாரத்தில் ஏற்றவும். ஒரு வேளைக்கு 400 கிராமைத் தாண்டக் கூடாது, அதற்கு முன் கொஞ்சம் நார்த்தீவனம் உள்ளே போயிருக்க வேண்டும். திடீரென்று தானியம் ஏறினால் முன்வயிற்றில் அமிலம் கூடும். ஆடு அசைபோடாது, புழுக்கை இளகிக் கூழாகும், பாலில் கொழுப்பு விழும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. மொத்த உலர்பொருளில் பாதிக்குக் குறையாமல் நார்த்தீவனம் என்பது எந்த நிலையிலும் மாறாத கணக்கு. தாது உப்பு ஆட்டுக்கென்று தயாரித்ததாக இருக்கட்டும், செம்மறிக் கலவையில் தாமிரம் போதாது.

தண்ணீரையும் அளங்கள். 2 லிட்டர் கறக்கும் ஆட்டுக்கு 5 முதல் 8 லிட்டர், வெயிலில் இன்னும் அதிகம். தொட்டியில் ஒரு புழுக்கை விழுந்து கிடந்தாலும் பல ஆடுகள் வாய் வைக்காது. தண்ணீர் குறைந்த அன்றே பால் குறையும்.

அடர்தீவனம் கூட்டியும் ஏறாவிட்டால் கண்ணிமையின் உள்பக்கத்தை விரித்துப் பாருங்கள். நல்ல சிவப்பு வேண்டும். வெளிறிய இளஞ்சிவப்போ வெள்ளையோ என்றால் இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழு. சாண முட்டை எண்ணிக்கை பார்த்துவிட்டு, பாதிக்கப்பட்ட ஆட்டுக்கு மட்டும் மருந்து. எல்லாவற்றுக்கும் மாதாமாதம் ஊற்றினால் மருந்துக்கு அடங்காத புழுக்களைத்தான் வளர்ப்பீர்கள்.

வாடை தரும் தீவனம் வேறு விஷயம்: வெங்காயத் தாள், பூண்டு, முட்டைக்கோஸ் இலை, ஊறுகாய்ப்புல் எல்லாம் இரத்தம் வழியாக, நுரையீரல் வழியாகக்கூட, அரைமணி நேரத்திலேயே பாலுக்கு வந்துவிடும். கறந்த பிறகு கொடுங்கள். கறவைக்கு முந்தைய நாலு மணி நேரம் கூடாது.

---

புதுக்கொட்டில்:

அண்ணன் சொன்ன குப்பிச் சோதனை செய்தாயிற்று. குலுக்கிய குப்பி கடுமையாக நாறுகிறது, சூடாக்கியது சுத்தமாக இருக்கிறது. ஐஸில் வைத்த ஐந்தில் நான்கு நன்றாகவே இருக்கின்றன, ஒரு ஆட்டின் பால் மட்டும் லேசாக அடிக்கிறது. அந்த ஆட்டுக்கு இரு காம்பும் சோதனையில் ஒரே மாதிரிதான்.

அப்படியானால் கறந்ததும் சூடாக்கிவிடுவதே நல்லதா? பச்சையாகக் குடிப்பதுதான் சத்து என்கிறார்களே? கிடாவுக்கு என்ன செய்வது? அடுத்த சினைக்கு எப்போது விட்டு எப்போது வற்ற விடலாம்?

---

பாற்கலம்:

ஆமாம், கறந்த ஒரு மணி நேரத்துக்குள் சூடாக்குங்கள். 63 டிகிரி, 30 நிமிடம் இந்த லைப்பேஸைச் செயலிழக்கச் செய்யும், வாடைக் கதை அங்கேயே முடிந்தது. ஆனால் இரண்டு மூன்று நாள் பச்சையாகக் குளிரில் வைத்துவிட்டுப் பிறகு சூடாக்கினால் பலனில்லை. குளிரிலும் வளரும் சில பாக்டீரியாக்கள் தாங்களே லைப்பேஸ் சுரக்கும், அது இந்தச் சூட்டுக்கு அசையாது.

முறை: பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் பால் பாத்திரம். நேரடித் தீ வேண்டாம், அடிப்பிடிக்கும். மெதுவாகக் கலக்கிக்கொண்டே 65 டிகிரிக்குக் கொண்டுவந்து, 63க்குக் கீழே இறங்காமல் 30 நிமிடம். நேரம் 63 தொட்ட பிறகுதான் தொடங்கும். மேலே நுரை இருந்தால் முதலிலேயே எடுத்துவிடவும்; நுரையின் சூடு பாலைவிடக் குறைவு, கிருமி அதில் தப்பிக்கும். மூடி வைத்து மேற்பரப்பின் சூட்டைக் காக்கவும். முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் 4 டிகிரிக்கு, வேகமாக. வெப்பமானியை மாதம் ஒருமுறை ஐஸ் கூழில் வைத்துப் பாருங்கள், 0 காட்ட வேண்டும்.

இது வாடைக்காக மட்டும் இல்லை. மால்ட்டா தீவில் படைவீரர்களைப் படுக்கவைத்த காய்ச்சலின் கிருமியை 1887இல் டேவிட் புரூஸ் கண்டார். அது ஆட்டுப்பால் வழியாக வருகிறது என்று 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட் கண்டுபிடித்தார். நோயின் அடையாளமே இல்லாத ஆடுகள்தான் பாலில் கிருமியை விட்டுக்கொண்டிருந்தன. புருசெல்லா மெலிடென்சிஸ் என்ற அந்தக் கிருமி இன்றும் உலகின் பல பகுதிகளில் உண்டு. கியூ காய்ச்சல் கிருமியும் லிஸ்டீரியாவும் இதே வழியில் வரும். ஆடு பார்க்க நன்றாக இருக்கிறது என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. புரதம், கொழுப்பு, கால்சியம் எதுவும் இந்தச் சூட்டில் குறிப்பிடத்தக்க அளவு போவதில்லை. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் பச்சைப்பால் பேச்சே வேண்டாம்.

திரிவதற்குக் காரணம்: ஆட்டுப்பாலில் கரைந்து நிற்கும் அயனிக் கால்சியம் அதிகம், அதனால் கொதிநிலையில் அதன் புரதம் மாட்டுப்பால் அளவுக்கு நிலைத்து நிற்காது. கொஞ்சம் புளித்திருந்தாலே பிரிந்துவிடும். சுத்தமும் குளிர்ச்சியும் சரியானால் இது தானே நிற்கும். சந்தேகம் வந்தால் 5 மில்லி பாலைச் சோதனைக் குழாயில் எடுத்துக் கொதிநீரில் 5 நிமிடம் வையுங்கள், திரிந்தால் மொத்தப் பாலையும் அடுப்பில் ஏற்றாதீர்கள். ஆல்கஹால் சோதனையை நம்ப வேண்டாம், மாட்டுப்பாலுக்கு வைத்த செறிவில் புத்தம்புது ஆட்டுப்பாலும் திரியும்.

---

வெண்மடி:

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், வாங்கிப் போகிறவர்களுக்கும் சொல்லுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக வெறும் ஆட்டுப்பால் கூடாது. இதில் ஃபோலேட் மிகக் குறைவு, மாட்டுப்பாலில் இருப்பதில் சிறு பங்குதான். அதையே நம்பி வளரும் குழந்தைக்கு இரத்தசோகை வரும். மாட்டுப்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது மாற்றும் அல்ல. புரதங்கள் மிக நெருங்கியவை, பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. லாக்டோஸும் 4 சதவீதத்துக்கு மேல் இருக்கத்தான் செய்கிறது.

கிடா: உங்கள் வாடைக்குக் காரணம் அது இல்லை என்று குப்பிகள் சொல்லிவிட்டன. ஆனாலும் கறவைத் தடுப்புக்கு ஒட்டி வைக்காதீர்கள். கொம்பின் பின்னால் உள்ள சுரப்பியின் பிசுக்கும், தாடியில் அடித்துக்கொள்ளும் மூத்திரமும் ஆடுகள் உரசும்போது மயிரில் ஏறும், அங்கிருந்து கறப்பவர் கைக்கும் வாளிக்கும் வரும். கிடாப் பக்கத்துக் காற்று கறவைத் தடுப்புக்கு வராத இடம், உரச முடியாத தூரம் போதும். கிடாவைத் தொட்ட கையோடும் உடையோடும் கறக்க உட்கார வேண்டாம்.

லேசாக அடிக்கும் அந்த ஒரு ஆட்டின் பாலைத் தனியாகச் சூடாக்கிப் பாருங்கள். சரியாகிவிட்டால் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பெண்குட்டியைக் கறவைக்கு வைக்கும் முன் தாயின் பாலை நினைத்துக்கொள்ளுங்கள்.

---

தீவனக்கணக்கு:

சினைக்கு: ஈன்ற ஏழாவது மாத முடிவில் விடலாம். சினைக்காலம் 150 நாள். அதில் முதல் 90 நாள் கறந்து, கடைசி 60 நாள் மடிக்கு ஓய்வு. சானன் இரத்தம் பகல் குறையும் பருவத்தில்தான் நன்றாகப் பருவத்துக்கு வரும், அதற்கேற்ப ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே ஆகலாம். நல்ல கறவை ஆட்டைப் பத்து மாதத்தைத் தாண்டியும் கறக்க முடியும். ஐந்தையும் ஒரே நேரத்தில் வற்ற விடாமல் இரண்டைத் தள்ளிச் சினைக்கு விட்டால் பால் அறவே நிற்காது.

வற்ற விடுவது: ஒரு வாரம் முன்பே அடர்தீவனத்தை நிறுத்தி, காய்ந்த புல்லை மட்டும் வைக்கவும், தண்ணீரை நிறுத்தக் கூடாது. நாளுக்கு ஒரு லிட்டருக்குக் கீழே வந்ததும் ஒரே நாளில் கறவையை நிறுத்திவிடலாம். கடைசி நாள் முழுக்கக் கறந்து, காம்பை முக்கி, விட்டுவிடவும். மூன்று நாலு நாள் மடி புடைக்கும், பிறகு தானே உள்ளிழுத்துக்கொள்ளும். பார்க்கப் பாவமாக இருக்கிறதென்று கொஞ்சம் கறந்துவிட்டால் சுரப்பு மறுபடி தூண்டப்பட்டு, வற்றும் நாள்தான் தள்ளிப்போகும். சூடு, சிவப்பு, ஒரு பக்கம் மட்டும் வீக்கம் தெரிந்தால் மட்டும் கறந்து பார்த்து மருத்துவரைக் கூப்பிடவும். முன்பே மடிநோய் கண்ட ஆட்டுக்கு வற்றும்போது போடும் குழாய் மருந்து தேவையா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

கடைசி ஆறு வாரத்தில் குட்டிகள் வேகமாக வளர்ந்து முன்வயிற்றை நெருக்கும், ஆட்டால் அதிகம் தின்ன முடியாது. அப்போது அடர்தீவனத்தை 200 கிராமில் தொடங்கி, ஈனும் நேரத்தில் 400க்குக் கொண்டுவரவும். இரண்டு மூன்று குட்டி சுமக்கும் ஆடு தீனியை ஒதுக்கினால் ஒருநாளும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், சினை நச்சுநோயாக இருக்கலாம். ஈன்றதும் முதல் ஐந்து நாள் சீம்பால் குட்டிக்கு மட்டும். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 50 மில்லி, 24 மணிக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும்.

---

புதுக்கொட்டில்:

தனிக் கலம், ஐஸ் தொட்டி, தராசு மூன்றும் இன்று மாலைக் கறவையிலிருந்தே. அயோடினும் வடித்தாளும் வந்ததும் அதையும் சேர்த்துவிடுகிறோம். அடர்தீவனம் 700ஐத் தொட்டதும் ஐந்து ஆட்டின் பால் அளவையும், நிறுத்த தீவனக் கணக்கையும் இதே இழையில் பதிகிறேன். மூவருக்கும் நன்றி.